அழிக்கச் சொன்ன படம்

2024 ஜூன் 4, செவ்வாய்

இன்று இரண்டு மணப்பெண்களை வெள்ளையாக்கினேன். ஒருத்தியின் பின்னால் தெரிந்த தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டுக் கூரையை எடுத்துவிட்டு நீர்வீழ்ச்சி ஒன்றை வைத்தேன். எந்த நாட்டு நீர்வீழ்ச்சி என்று தெரியவில்லை. ஹட்டனைச் சுற்றி நிஜமானவை எத்தனையோ விழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றை யாரும் கேட்பதில்லை.

ஸ்டூடியோ முதலாளி இன்சாப் நானா பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சம் குடுங்க மகன். கல்யாணப் புள்ள."

"மூக்கு காணாமப் போயிரும் நானா."

"போனாப் போகுது. மூக்கத் தேடிட்டு யாரும் ஸ்டூடியோவுக்கு வர மாட்டாங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். மூக்கு போய்விட்டது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒளியைப் பற்றியும் நிழலைப் பற்றியும் படித்தேன். நிழலை அழிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

ஜூன் 6, வியாழன்

மழை. பாஸ்போர்ட் படம் ஒன்று மட்டும். காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. இந்தக் கிழமை நான் எடுத்த ஒரே உண்மையான முகம்.

ஜூன் 8, சனி

காலையில் ஒரு பெண் வந்தாள். பூரணி. ஊர் டயகம. இங்கே டவுனில் ஒரு பார்மசியில் வேலை. அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு போன வாரம் இறந்துவிட்டார். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மலையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பதினாறாம் தேதி ஞாயிறு கருமாதி. மாலை போட்டு வைக்கப் பெரிய படம் வேண்டும்.

அம்மாவின் அடையாள அட்டையைக் கொடுத்தாள். போனில் இருந்த படங்களையும் அனுப்பினாள். "இதுல மொகம் நல்லா இருக்குண்ணே" என்று ஒரு கல்யாண வீட்டுப் படத்தைக் காட்டினாள். பிறகு பையிலிருந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை. கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"தம்பி கல்யாணத்துக்குக் கட்டணும்னு வாங்கி வச்சது. அவனுக்கு இன்னும் பொண்ணே பாக்கல. அம்மா சேலைய மட்டும் வாங்கிட்டாங்க."

கொம்பியூட்டரிலேயே சேலைகள் இருக்கின்றன, தலையைப் பொருத்தினால் போதும் என்றேன்.

"தெரியும். எல்லா வீட்லயும் அதே செவப்புச் சேலதான் தொங்குது. எங்க லயத்துல மட்டும் மூணு பேரு ஒரே சேலையில இருக்காங்க."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.

"நான் இத உடுத்திட்டு வாறேன். கழுத்துக்குக் கீழ என்னைய எடுங்க. மேல அம்மாவ வைங்க. எனக்கு அம்மா ஒடம்பு வாகுதான்."

உள்ளே போகும்போது திரும்பினாள். "துக்கத்துல பட்டு உடுத்தக் கூடாது. யார்ட்டயும் சொல்லிராதீங்க."

உடுத்தி வந்து திரைக்கு முன்னால் நின்றாள். வெளியே ஒரு குடும்பம் குரூப் போட்டோவுக்குக் காத்திருந்தது. அவசரமாக எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தலை எப்படியும் வெட்டப்படப் போகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

போகும்போது வேறு ஏதோ சொன்னாள். ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

பூரணி அனுப்பிய படங்களுக்குள் ஒன்று இருக்கிறது.

மழை. தேயிலைக்கு நடுவில் அம்மாக்கண்ணு. தலையில் துண்டு, நெற்றியை அழுத்தும் கூடைக் கயிறு, இடுப்பில் இறுகக் கட்டிய படங்கு. அந்தச் சாக்கில் சேறும் கறையும். வாய் பாதி திறந்திருக்கிறது. ஒரு கை லென்சை நோக்கி நீள்கிறது, விரல்கள் கலங்கித் தெரிகின்றன. ஆசி கொடுப்பது போல. விடைபெறுவது போல.

போனில் யாரோ சும்மா எடுத்தது. ஆனால் படம் என்றால் இதுதான்.

என் அப்பா தோட்டத்து ஆபிசில் கிளாக்கர். எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து காலையில் பெரட்டுக் களம் தெரியும். பனிக்குள் கூடையும் படங்குமாகப் பெண்கள் பேர் கொடுக்க நிற்பார்கள். என் கண் அந்த ஜன்னலில்தான் திறந்தது. கெம்பஸ் நேர்முகத்தில் இதைச் சொன்னேன். தலையாட்டினார்கள்.

இந்தப் பெண்ணை எடுத்து மஞ்சள் பட்டுக்குள் திணிக்க வேண்டுமாம். இல்லாத ஒருத்தியை உண்டாக்கி அவளுக்கு மாலை போட வேண்டுமாம்.

மாட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

நானா கண்டிக்குப் போயிருந்தார். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தேன். கறுப்பு மரப் பிரேம், அகலமான வெள்ளை ஓரம். மழை ஒவ்வொரு துளியாகத் தெரிகிறது.

கெம்பஸ் நண்பன் சுமனுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "மச்சான், இது படம்டா." மூன்று முறை வாசித்தேன்.

பின்னேரம் நானா வந்தார். பழுப்புத் தாளில் சுற்றியிருந்ததைத் தட்டிப் பார்த்தார்.

"டயகமப் புள்ளட படமா? காட்டினீங்களா அவகிட்ட?"

"காட்டினேன் நானா. பிடிச்சிருக்காம்."

ஏன் பொய் சொன்னேன்? பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு ஏன்?

ஜூன் 12, புதன்

பூரணி சேலை உடுத்தி நின்ற படங்களைத் திறக்கவேயில்லை. தேவைப்படவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

படத்தை நானே கொண்டு வருகிறேன் என்று பூரணியிடம் சொல்லியிருந்தேன். டயகம பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பிரிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். போனதற்கு அது ஒன்றுதான் காரணம்.

லயத்து இஸ்தோப்பில், முன் திண்ணையில், தகரப் பந்தல். சனம். பூரணியின் தம்பி திலக்ஷன் கொழும்பிலிருந்து வந்திருந்தான், மொட்டைத் தலை. நோட்டன் பிரிட்ஜிலிருந்து தாய்மாமன் அழகன். காம்பரா அறைக்குள் வாழையிலையில் படையல் போட்டிருந்தது. நடுவில் வெள்ளைத் துணி விரித்த நாற்காலி, படத்துக்காகக் காத்திருந்தது. எனக்கு பிளேன்டீ கொடுத்தார்கள். "போட்டோக்கார தம்பிக்கு ஒக்கார ஒரு கதிர கொண்டு வாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

"நேரமாச்சு, படத்த வைங்கப்பா" என்றார் அழகன்.

திலக்ஷன் தாளைக் கிழித்தான்.

ஒருவரும் பேசவில்லை. நான் அதை மரியாதை என்று நினைத்தேன். கொஞ்ச நேரம், ஒரு மூச்சு நேரம், அப்படித்தான் நினைத்தேன்.

அழகன் படத்தைக் கையில் வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"என்னாப்பா இது? அக்கா பெரட்டுக்கு நிக்கிற மாதிரியில்ல இருக்கு?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "கொழுந்து கொறஞ்சா எமன் அரப்பேருதான் போடுவான், சொல்லி வைங்க."

நிறை குறைந்தால் அரை நாள் சம்பளம், அந்தப் பகிடி. இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்ததும் நிறுத்திக்கொண்டார்கள். திலக்ஷனின் கழுத்து நரம்பு தெரிந்தது.

பூரணி உள்ளேயிருந்து வந்தாள். படத்தைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. பிறகு என்னிடம் கேட்டாள்.

"சேல எங்கண்ணே?"

நான் சொன்னது — இதை எழுதக் கை வரவில்லை — நான் சொன்னது: "இதுலதான் அம்மா உண்மையா இருக்காங்க."

"அவங்க எப்பிடி இருந்தாங்கனு எங்களுக்குத் தெரியாதா?" சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இது நான் எடுத்தது. தம்பிக்கு அனுப்பலாம்னு பகிடிக்கு எடுத்தேன். எடுக்காதடினு கைய நீட்டுறாங்க, பாருங்க. அழிச்சிருனு சொன்னாங்க. நான்தான் அழிக்கல."

ஆசி கொடுக்கிற கை. விடைபெறுகிற கை.

"நான் என்ன கேட்டேன்? நக போடச் சொன்னேனா? வெள்ளையாக்க வேணாம்னு சொல்லிட்டுத்தான போனேன். ஒரு சேல. செத்த பொறகாவது அந்தப் படங்குச் சாக்க அவுக்கட்டும்னு கேட்டேன்."

அப்புறம்: "ஒங்க அம்மா படத்த இப்பிடி வைப்பீங்களா?"

எங்க அம்மா மலைக்குப் போனதில்ல. அதுதான் வாயில் வந்தது. விழுங்கினேன். சொல்லவில்லை என்பதற்காக அது வரவில்லை என்று ஆகிவிடாது.

வேறு படம் இல்லை. பூசாரி அவசரப்படுத்தினார். டயகம கடைத்தெருவுக்கு ஓடினாலும் இனி ஆகாது. பூரணி உள்ளே போய் மஞ்சள் சேலையை எடுத்து வந்தாள். நாற்காலியில் வைத்த பிரேமின் மேல் அதை நீளமாக மடித்துக் குறுக்கே போட்டாள். கூடைக் கயிறு மறைந்தது. நீட்டிய கை மறைந்தது. படங்கு மறைந்தது. முகம் மட்டும் மிஞ்சியது. சேலை நழுவாமல் இருக்க அழகன் மாலையை இரட்டையாகப் போட்டார். அரக்குக் கரை சரியாகத் தோளில் விழ வேண்டுமென்று பூரணி இரண்டு தரம் இழுத்துச் சரிசெய்தாள்.

விளக்கு ஏற்றினார்கள். சாம்பிராணிப் புகைக்குள் அம்மாக்கண்ணு சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தார்.

தோளில் கமரா இருந்தது. அந்த வெளிச்சம், அந்தப் புகை, கறுப்பு வெள்ளை முகத்தின் கீழே அந்த மஞ்சள். என் விரல் லென்ஸ் மூடியைத் தேடிப் போனது. எடுக்கவில்லை. ஆனால் போனது.

அசிங்கம்.

சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. யாரும் நிற்கச் சொல்லவுமில்லை.

ஜூன் 17, திங்கள்

ஹஜ் பெருநாள். ஸ்டூடியோ பூட்டு. நானா வீட்டிலிருந்து சோறு வந்தது. நானாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. தெரியாதவர் அனுப்பிய சோறு. மூடி வைத்தேன்.

என்னத்தக் கிழிச்சிட்டன்னு பெரிய பிரேம்? யாரு கேட்டா ஒன்ட உண்மைய? ஜன்னல்ல நின்னு பாத்தவன்தானே நீ. குளிருதுன்னு ஜன்னலச் சாத்தினவன்தானே.

சேலையை அவர்கள் கேட்டார்கள். சேலையை நான் பொய் என்றேன். பெட்டிக்குள் இருந்த அந்த மடிப்பு பொய்யா? இன்னும் பெண்ணே பார்க்காத மகனுக்கு முந்திக்கொண்டு சேலை வாங்கின ஆசை பொய்யா? அம்மாக்கண்ணுவுக்குள் அதுவும் இருந்தது. கொழுந்துக் கூடைக்குக் குறையாமல் இருந்தது. கூடையை மட்டும் ஏன் எடுத்தேன்? எனக்கு அது அழகு. அவ்வளவுதான்.

சுமன் கேட்கிறான்: படத்தைப் பார்த்து அவர்கள் வீட்டார் என்ன சொன்னார்கள்?

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

நானாவிடம் சொன்னேன். பொய் சொன்னதையும்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். போனை எடுத்து எனக்கு முன்னாலேயே பூரணியைக் கூப்பிட்டார். எழுந்து நின்று பேசினார்.

"தங்கச்சி, ஸ்டூடியோ நானா பேசுறேன். எங்கட பக்கம்தான் பிழ. ம்... ம்... இல்ல தங்கச்சி, ஒங்கட எடத்துல நான் இருந்தா இதவிட ஏசியிருப்பேன்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒங்கட ஆர்ட்ட நான் வேணாங்கல மகன். ஒங்கட சொவத்துல மாட்டுங்க. அது அவங்கட சொவரு."

பிறகு, திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டே: "நானும் சும்மா வெள்ளையாக்கச் சொல்றவன்தானே. அந்தப் புள்ள வேணாமுண்டு சொல்லியிருக்கு. ரெண்டு பேருக்கும் வெளங்கல்ல."

ஜூன் 20, வியாழன்

பூரணியின் படங்களைத் திறந்தேன்.

நிமிர்ந்து நிற்கிறாள். கொசுவம் குலையாமல் ஒரு கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருக்கிறது. கண் மூடியிருக்கிறது. கன்னத்தில் ஈரம். நான் அதைப் பார்க்கவில்லை. வ்யூபைண்டருக்குள் இருந்தது, நான் பார்க்கவில்லை. துக்க வழக்கத்தை மீறி ஒரு பெண் தன் தாயின் உடம்பாக நிற்கிறாள். ஸ்டூடியோ லைட், மலிவான நீலத் திரை. இதைவிடப் பெரிய எதைத் தேடிக்கொண்டிருந்தேன்?

கல்யாண வீட்டுப் படத்திலிருந்து முகத்தை எடுத்துப் பொருத்தினேன். மலை வெயிலில் கறுத்த கழுத்து. மகளின் தோள் இரண்டு நிறம் வெளிறியது. கை பழக்கத்தில் கழுத்தை வெளுக்கப் போனது. நிறுத்தினேன். தோளைக் கறுப்பாக்கினேன். கூடைக் கயிறு நெற்றியில் பதித்த மெல்லிய கோடு ஒன்று கல்யாண வீட்டிலும் தெரிகிறது. அதை விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் எடுக்கச் சொல்லியிருப்பார்களோ? தெரியாது. மறுபடியும் நானே முடிவு செய்கிறேன்.

பூரணிக்கு அனுப்பிக் கேட்டேன்: நெற்றியில் கோடு இருக்கலாமா?

பதில் பின்னேரம் வந்தது. "இருக்கட்டும்."

ஜூன் 23, ஞாயிறு

டயகம.

காம்பராச் சுவரில் என் கறுப்புப் பிரேம். உள்ளே வேறு படம். கருமாதிக்கு அடுத்த நாள் திலக்ஷன் வேறொரு கடையில் செய்வித்தது. மா பூசினது போல முகம். பின்னால் நீர்வீழ்ச்சி, என்னிடம் இருக்கிற அதே நீர்வீழ்ச்சி. உடம்பில் செவப்புச் சேலை.

"இப்ப எங்க லயத்துல நாலு பேரு" என்றாள் பூரணி.

மஞ்சள் சேலை எங்கே என்று கேட்டேன்.

"படையலுக்கு முன்னால சாத்தின சேலைய வீட்ல வச்சுக்கக் கூடாதுனு மாமா சொல்லிட்டாரு. அத்தைக்குக் குடுத்தாச்சு."

அந்தச் சேலை படையலுக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை. பெட்டியில் இருந்திருக்க வேண்டியது. திலக்ஷன் கல்யாணத்துக்கு இவள் உடுத்தியிருக்க வேண்டியது.

மன்னிச்சிருங்க என்றேன். அந்தக் காம்பராவுக்குள் அந்தச் சொல் சின்னதாக இருந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க படமும் அதுக்குள்ளதான் இருக்கு. பின்னால அட்டைக்கு வச்சிருக்கோம். தம்பி கிழிச்சுப் போடுனு நின்னான். அம்மா மொகத்த எப்பிடிண்ணே கிழிக்கிறது?"

புதிய படத்தைக் கொடுத்தேன். ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகுநேரம். சேலைக் கரையை விரலால் தொட்டாள், பிறகு கைகளை.

"இது என் கை."

"ஆமா."

"அம்மா கை இப்பிடி இருக்காது. வெரலெல்லாம் வெடிச்சு, கற புடிச்சு..." நிறுத்தினாள். "பரவால்ல. என் கையாவே இருக்கட்டும்."

மாட்டலாமே என்றேன். வெளக்கு வச்ச படத்த வருசம் திரும்பாம எறக்கக் கூடாது என்றாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலை இருந்த இடத்தில் படத்தை வைத்து மூடினாள்.

தேத்தண்ணி ஊற்றவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பொய். எதிர்பார்த்தேன்.

ஜூன் 24, திங்கள்

சுமனுக்கு எழுதினேன்: அந்தப் படத்தை அழித்துவிடு.

என்னிடம் இருந்ததையும் அழித்தேன். அம்மாக்கண்ணு கேட்டதை யாராவது ஒருவர் செய்ய வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரு வயசான மனிதர், மருமகனோடு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். தன் பெயர் நல்லமுத்து என்றார். மனைவியின் அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, நனைந்துவிட்டதா என்று பார்த்துக் கொடுத்தார்.

"நல்லதா ஒரு சேல கட்டி விட்ரலாந்தான தம்பி?"

"கட்டலாங்க. அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

மருமகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"அத... நான் கேட்டதில்லையே."

அந்த முகம் எனக்குத் தெரியும். இரண்டு கிழமையாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். மருமகன் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"ஊதாப்பா" என்றது மகளின் குரல். "அம்மாவுக்கு ஊதா ஆச."

"ஊதாவா? ஊதா கட்டி நான் பாத்ததே இல்லையேம்மா."

"இருந்தாத்தானே."

வெளியே டயகம பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. அவர் அட்டையிலிருந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். கொம்பியூட்டரில் இருக்கிற சேலைகளைத் திறக்கவில்லை. அவற்றில் ஊதா இல்லை.

"வெள்ளையாக்கணுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

இன்சாப் நானா எழுந்து, நான் எதுவும் சொல்லாமலே, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற புடவைக் கடைக்கு ஓர் ஊதாச் சேலை இரவல் கேட்கப் போனார்.